மந்திரக் கதையும் குருதிக் காட்சியும்

ஒரு நூலை நன்று என்றும் தீது என்றும் பகுக்குங்கால், பகுப்போர் அதன்கண் கூறப்படும் பொருளை நோக்குகின்றனரா, அன்றி அது கற்பார் நெஞ்சில் விளைக்கும் பயனை நோக்குகின்றனரா என்பது திறனாய்வின் பழைய வினாக்களுள் ஒன்று. இவ்விரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுவர். ஒன்றல்ல என்பதற்கு அமெரிக்கக் கிறித்தவ உலகில் 1999 முதல் 2007 வரை நிகழ்ந்த ஒரு வழக்கு தக்க சான்றாகும்.

ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் கதைகள் ஏழும் 1997க்கும் 2007க்கும் இடையே வெளிவந்தன. அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலின்படி, 2000 முதல் 2009 வரையுள்ள பத்தாண்டில் அந்நாட்டு நூலகங்களிலும் பள்ளிகளிலும் எதிர்ப்புக்கு மிகுதியாக உள்ளான நூல்வரிசை இதுவே. 2001 டிசம்பர் 30 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகார்டோ நகரில் ஒரு சபையார் இந்நூல்களைத் தீயிலிட்டனர். ஆர்க்கன்சா மாநிலத்துச் சீடர்வில் பள்ளி வாரியம், பெற்றோர் எழுத்து வழியே இசைவு தந்தாலன்றி மாணவர்க்கு இவற்றை வழங்கலாகாது என 2002இல் விதித்தது. நடுவண் அரசின் மாவட்ட நீதிமன்றம் 2003இல் அவ்விதியை நீக்கியது. இதன்பின் ஓராண்டு கழியுமுன், 2004 பெப்ருவரி 25ஆம் நாள் திருநீற்றுப் புதனன்று, மெல் கிப்சன் இயக்கிய ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. கொடுமைக் காட்சிகளின் மிகுதி கருதி, பதினேழு வயது நிரம்பாதோர் பெரியோர் துணையின்றிக் காணலாகாது என்னும் ‘ஆர்’ வகைப்பாடு அதற்கு வழங்கப்பட்டது. எனினும் சபைகள் பல நுழைவுச் சீட்டுகளை மொத்தமாக விலைக்கு வாங்கின. இளைஞர் குழுக்களை அழைத்துச் சென்றன. அமெரிக்காவில் மட்டும் அப்படம் ஈட்டிய தொகை 37 கோடி டாலர். ‘ஆர்’ வகைப் படங்களுள் 2024 வரையில் வேறெதுவும் அந்நாட்டில் அதனை விஞ்சவில்லை.

மாயக்கோல் ஏந்திய சிறுவனை அஞ்சியோர் சாட்டையின் குருதியை அஞ்சவில்லை என இவ்விரண்டையும் அருகருகே வைத்து நகையாடுதல் எளிது. பலர் நகையாடியும் உள்ளனர். நகையாடல் ஆராய்ச்சி ஆகாது. இருவகைச் செயலையும் ஒரே மக்கள் செய்தனர் என்று கூறவும் இயலாது. ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ் 2000 சனவரியில் ஹாரி பாட்டர் கதைகளை வரவேற்றுத் தலையங்கம் எழுதிற்று. படத்தின் கொடுமை மிகை என்ற கிறித்தவத் திறனாய்வாளரும் இருந்தனர். ஆயினும் பெரும்போக்கு நாம் கூறியவாறே அமைந்தது. அப்போக்கினுள் ஓர் இலக்கியக் கொள்கை மறைந்து கிடக்கின்றது என்பதும், கிறித்தவ மரபே முன்னர்க் கொண்டிருந்த கொள்கைக்கு அது மாறானது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கண்டனம் செய்தோர் முதற்கண் காட்டும் மேற்கோள் உபாகமத்தின் 18ஆம் அதிகாரமாகும். குறிசொல்லல், நாள்பார்த்தல், மந்திரவித்தை, இறந்தோரிடம் குறிகேட்டல் ஆகியன அங்கு விலக்கப்பட்டுள்ளன. அடுத்து அவர்கள் காட்டுவது அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம். எபேசு நகரில் புதிதாக மனந்திரும்பியோர் தம் மந்திர நூல்களைத் தாமே கொணர்ந்து எல்லார் முன்னும் எரித்தனர் என்றும், அவற்றின் மதிப்பு ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்றும் அது கூறும். அலமகார்டோவில் தீ மூட்டியோர் தம்மை எபேசியரின் வழித்தோன்றல்களாகக் கருதியிருப்பின் வியப்பில்லை. ஆனால் எபேசியர் எரித்தவை கதைகள் அல்ல. அவர்கள் நாள்தோறும் கையாண்ட தொழில் நூல்கள். அவற்றின் பயனைத் தாமே துய்த்து அறிந்து வெறுத்து எரித்தனர். அலமகார்டோச் சபையின் போதகரோ ஹாரி பாட்டர் கதைகளைத் தாம் படித்ததில்லை என்றே கூறினார். படியாத நூலை எரித்தற்கு எபேசு சான்றாகாது.

இவ்வாறு கூறுவதால் கண்டனத்தை முற்றும் தள்ளினோம் அல்லோம். அதன்கண் மதிக்கத்தக்க கருத்து ஒன்று உண்டு. கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனவர், இக்கதைகளைக் கண்டித்து நூலெழுதிய செர்மானியப் பெண்மணி ஒருவர்க்கு 2003இல் மடல் வரைந்தார். 2005இல் அது பலர்க்கும் தெரியவந்தது. இக்கதைகளின் ஈர்ப்பு நுண்ணியது, கற்போர் அறியாமலே உள்ளத்துட் புகுவது என்பது அம்மடலின் கருத்து. இதற்கு எதிராக நூலின் சார்பில் வழக்காடியோருள் பலர் கூறிய விடை, ‘இது வெறுங்கதை தானே’ என்பது. இவ்விருவருள் இலக்கியத்தை மதித்தவர் யார்? கதை நெஞ்சை மாற்றவல்லது என அஞ்சுவோன் கதையின் ஆற்றலை ஒப்புக்கொள்கின்றான். ‘வெறுங்கதை’ என்போன் நூலைக் காப்பதாக எண்ணி நூலின் உயிரையே மறுக்கின்றான். இலக்கியம் பயில்வார்க்குப் பின்னவரினும் முன்னவரே அண்மையர்.

எனவே வினா, அஞ்சியது தகுமா என்பதன்று. அஞ்சவேண்டியது எது என அவர்கள் ஆய்ந்தனரா என்பதேயாகும். விவிலியம் விலக்கும் சூனியம், தெய்வம் அல்லாத ஆவிகளை அழைத்து, அவற்றுக்கு அடிபணிந்து, அவற்றின்வழி ஆற்றல் பெறுவது. ஹாரி பாட்டர் கதைகளில் அத்தகைய அழைப்பும் அடிபணிதலும் இல்லை. அங்கு மந்திரம் பிறவியில் வாய்க்கும் திறன். பள்ளியில் பாடமாகப் பயிலப்படுவது. தேர்வும் மதிப்பெண்ணும் உடையது. சொல்லைப் பிழைபடக் கூறினால் இறகு எழும்பாது, அவ்வளவே. சார்லஸ் கோல்சன் என்னும் பழமைப்பற்றுடைய கிறித்தவத் தலைவர் 1999இலேயே இதனை உணர்ந்து, இம்மந்திரம் இயந்திரத்தைப் போன்றது, ஆவிவழிபாடு அன்று எனக் கூறினார். ஆலன் சேக்கப்ஸ் 2000 சனவரியில் ‘ஃபர்ஸ்ட் திங்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், மந்திரமும் செய்முறை அறிவியலும் ஒருகாலத்தில் உடன்பிறந்தனவாக வளர்ந்த வரலாற்றைக் காட்டி, ரௌலிங் படைத்த உலகு மந்திரமே வென்றிருப்பின் எவ்வாறு இருந்திருக்கும் என்னும் கற்பனை என விளக்கினார். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் மருட்கையை அச்சத்தினின்று பிரித்து வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. இக்கதைகளின் முற்பகுதி சிறார்க்குத் தருவது பெரும்பாலும் மருட்கையே. கண்டனம் செய்தோர் ‘சூனியக்காரி’ என்னும் பெயர்ச்சொல்லைக் கண்டனர். அச்சொல்லுக்குரிய வினை கதையில் யாது என நோக்கிலர்.

அவர்கள் கூறிய வேறு சில தடைகள் இதனினும் வலியன. ஆயின் அவை மிகுதியாகப் பேசப்படவில்லை. குறிசொல்லும் கலை மூன்றாம் நூலில் எள்ளலுக்கு உரியதாகக் காட்டப்பெறினும், எள்ளப்பட்ட அவ்வாசிரியையின் வாய்வழியே மெய்யான முன்னுரைப்பும் பிறக்கின்றது. கதையின் முடிச்சே ஒரு முன்னுரைப்பில் தங்கியுள்ளது. உபாகமத்தின் விலக்கை உளங்கொண்டு படிப்பவர் இங்குச் சற்றே தயங்கினால் குற்றமில்லை. மேலும், சிறுவர் மூவரும் பொய் கூறியும் விதி மீறியும் பெறும் வெற்றிக்குப் பள்ளித் தலைவர் பரிசளிக்கின்றார். இது மந்திரத்தைப் பற்றிய தடையன்று, ஒழுக்கத்தைப் பற்றியது. எந்தச் சமயத்துப் பெற்றோரும் எழுப்பக்கூடியது.

பிறிதொரு குறையும் உண்டு. 1999இல் கண்டனம் வலுத்தபோது கதை பாதியும் வெளிவந்திலது. ஏழாம் நூலில் அச்சிறுவன் பிறர் உயிர் காக்கத் தானே சாவை நாடிச் செல்கின்றான், எதிர்த்துப் போரிடாமல் அதனை ஏற்கின்றான், பின் மீள்கின்றான். அவனுடைய ஊரின் இடுகாட்டில் உள்ள கல்லறைகள் இரண்டில் விவிலிய வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று மத்தேயுவினின்றும் மற்றொன்று கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தினின்றும் எடுக்கப்பட்டவை. கதையின் கிறித்தவ இணைப்பு தமக்குத் தொடக்கமுதலே தெளிவாக இருந்தது என ஆசிரியர் 2007இல் கூறினார். ஆசிரியர் கூற்றை அப்படியே ஏற்கவேண்டுவதில்லை; நூலின் முடிவே போதிய சான்று. முற்றுப்பெறாத தொடர்கதைக்குத் தீர்ப்பு வழங்கும்போது, தீர்ப்பு முடிந்தபின்னும் கதை நடக்கும் என்பதைக் கண்டனக்காரர் கருதியிருத்தல் வேண்டும்.

பொருளே அளவுகோல் என்பது அவர்களின் உறுதியான கொள்கையாயின், சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகளும் விலக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒரு சிலர் அவ்வாறே அதனையும் விலக்கினர். அவர்களின் ஒருமைப்பாடு பாராட்டத்தக்கது. பெரும்பாலோர் விலக்கவில்லை. 2005இல் அக்கதை படமாக வந்தபோது சபைகள் பல அதனை வரவேற்றன. 1952இல் வெளிவந்த மூன்றாம் நார்னியாக் கதையில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. லூசி என்னும் சிறுமி ஒரு மந்திரவாதியின் மாளிகையில் அவனுடைய மந்திர நூலைத் திறந்து படிக்கின்றாள். அழகு தரும் மந்திரத்தின்மேல் அவா எழுகின்றது, அதனினின்று மீட்கப்படுகின்றாள். தன்னைப் பற்றித் தோழியர் பேசுவதைக் கேட்கும் மந்திரத்தை ஓதித் துன்புறுகின்றாள். பின், மறைந்தவற்றைக் காணச் செய்யும் மந்திரத்தை ஓதுகின்றாள். உடனே அவள்முன் தோன்றுபவன் அஸ்லான் என்னும் அரிமா. கிறித்துவின் உருவாக லூயிஸ் படைத்த அவனே அச்சிறுமி ஓதிய மந்திரத்தால் வெளிப்படுகின்றான். ரௌலிங்கின் ஏழு நூல்களிலும் இத்துணைத் துணிவான இடம் ஒன்றில்லை. லூயிஸ் ஏற்கப்பட்டதும் ரௌலிங் மறுக்கப்பட்டதும் கதைப்பொருளால் அல்ல. ஆசிரியரின் சமயப் பற்று முன்னரே அறியப்பட்டிருந்தமையால். பொருளை நோக்குவதாகக் கூறியோர் ஈண்டு நோக்கியது நூலின் முகப்பில் உள்ள பெயரை.

இவ்வச்சம் புதியதன்று. ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் வழியே தமிழர் அறிந்த ஜான் பனியனின் மோட்சப் பயண நூல் 1678இல் வெளிவந்தது. அரக்கரும் பேயும் மாயநிலமும் நிறைந்த கதை அது. கட்டுக்கதையின் வாயிலாக மெய்ப்பொருளைக் கூறலாமா எனத் தம் தூய்மைவாத நண்பர்களே ஐயுற்றமையால், பனியன் நூலின் முகப்பில் செய்யுள் வடிவில் ஒரு தன்விளக்கம் எழுத நேர்ந்தது. இளமையில் சந்தைப் பாட்டுகளையும் வீரர் கதைகளையும் விரும்பிப் படித்ததற்காக முன்னொரு நூலில் வருந்தியவரும் அவரே. அக்கதைகளின் அரக்கர்கள்தாம் பின்னர் அவருடைய நூலில் புகுந்து சமயத் தொண்டு செய்தனர் போலும்.

பிலிப் புல்மன் எழுதிய ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ என்னும் முத்தொகுதி (1995, 1997, 2000) வேறு வகையது. மில்டனின் துறக்க இழப்புக் காப்பியத்திலிருந்தே அதன் தலைப்பு எடுக்கப்பட்டது. படைத்தவன் எனத் தன்னைப் பொய்யாக அறிவித்த முதுமையுற்ற வானவன் ஒருவனும், அவன் பெயரால் ஆளும் திருச்சபையும் அதன்கண் பகைப்புலம். மனிதனின் முதல் வீழ்ச்சி அங்கு வீழ்ச்சியன்று, அறிவு பெறுதல். இந்நூலைத் தம் சமயத்திற்கு எதிரானது எனக் கூறிய கிறித்தவர் நூலைச் சரியாகவே படித்தனர். ஆசிரியரும் அதனை மறுத்திலர். ஆயினும் கண்டனம் நூல் வெளிவந்தபோது பெரிதாக எழவில்லை. 2007 டிசம்பரில் முதற்பகுதி திரைப்படமானபோதுதான் எழுந்தது. கத்தோலிக்கக் கூட்டமைப்பு என்னும் அமெரிக்க அமைப்பு அப்படத்தைப் புறக்கணிக்குமாறு வேண்டிற்று. படமாக்கியோர் திருச்சபையைத் தாக்கும் பகுதிகளை முன்னரே பெரிதும் மழுக்கிவிட்டிருந்தனர். படத்தில் தீங்கில்லை, ஆனால் அது சிறாரை நூலிடம் இட்டுச்செல்லும் தூண்டில் என்பதே அவ்வமைப்பின் வாதம். அமெரிக்க ஆயர் பேரவையின் திரைப்பட அலுவலகம் முதலில் படத்தைப் பாராட்டி மதிப்புரை வெளியிட்டுப் பின் அதனைத் திரும்பப் பெற்றது. இதற்கு மாறாக, 2004இல் அந்நூல் இலண்டனில் நாடகமாக நிகழ்ந்தபோது, கேண்டர்பரிப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் அதனைப் பாராட்டி, புல்மனுடன் மேடையில் உரையாடினார். புல்மன் தாக்குவது கொடுங்கோன்மை புரியும் பொய்த் தெய்வத்தை; அதனைத் தாக்குதல் மெய்ச்சமயத்திற்கும் உரிய பணி என்பது அவர் நோக்கு. இவ்விரு வழிகளுள் பின்னதே இலக்கியம் கற்றார் கொள்ளும் வழி.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். சாட்டையடியை மாற்கும் மத்தேயுவும் ஒரே வினையெச்சத்தில் கூறி அகல்கின்றனர். யோவான் ஒரு குறுவசனத்தில் முடிக்கின்றார். லூக்காவில் பிலாத்து தண்டித்து விடுவேன் எனக் கூறுவது உண்டேயன்றி, அடி நிகழ்ந்ததாக வருணனை இல்லை. சொல்லவேண்டிய இடத்தில் நற்செய்தியாளர் நால்வரும் காத்த இவ்வடக்கம் தற்செயல் அன்று. அவர்கள் காலத்தவர் அத்தண்டனையைக் கண்ணால் கண்டவர்கள், விரித்துரைக்க வேண்டியதில்லை. மேலும் அவர்கள் நாட்டம் உடல் எவ்வாறு சிதைந்தது என்பதில் இல்லை. யார் யாருக்காகத் துன்புற்றார் என்பதில் இருந்தது. படம் இவ்வொரு வினையெச்சத்தைப் பல நிமிடங்களாக விரிக்கின்றது. தசை கிழிவதை அணுகி நின்று காட்டுகின்றது.

‘நிகழ்ந்ததைக் காட்டினார், கற்பனை செய்யவில்லை’ என்பது படத்தை ஏற்றோர் கூறிய வலிய காரணம். மந்திரக் கதை பொய், இது மெய் என்பது கருத்து. இக்காரணம் நில்லாது. படத்தின் பல நுணுக்கங்கள் விவிலியத்தில் இல்லாதவை. கேத்தரின் எமெரிக் என்னும் துறவுப் பெண்மணியின் காட்சிகளாகக் கவிஞர் பிரெண்டானோ எழுதி 1833இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தவை. சாட்டையடியின்போது கூட்டத்தினூடே சாத்தான் ஒரு விகாரக் குழந்தையைத் தாங்கி நடக்கின்றான். யூதாசைப் பேயுருக் கொண்ட சிறுவர் கூட்டம் துரத்துகின்றது. மனந்திரும்பாத கள்வனின் கண்ணைக் காக்கை கொத்துகின்றது. இவை நற்செய்தியில் யாண்டும் இல்லை. மாயக்கதை வேண்டா என்றோர் ஏற்றுக்கொண்ட படத்திலேயே மாயக்கதை உள்ளது. அதுவும் மருட்கை தரும் மாயம் அன்று, அச்சமும் அருவருப்பும் தரும் மாயம்.

துன்புறும் கிறித்துவை உருவாக்கிக் காணும் மரபு கிறித்தவத்தில் உண்டு என்பதை மறத்தலாகாது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரூனவால்டு தீட்டிய ஈசன்ஹைம் பலிபீட ஓவியத்தில் கிறித்துவின் உடல் எங்கும் புண். அது தோல் கருகி உறுப்பழியும் நோயுற்றோரைப் பேணிய மருத்துவ மடத்திற்கென எழுதப்பட்டது. தம் புண்ணையே இறைவனிடத்தும் கண்டு அந்நோயாளர் ஆறுதல் பெற்றனர். ஆனால் ஓவியம் அசையாது. காண்போன் விரும்பும் பொழுது கண்ணை விலக்கலாம், நின்று எண்ணலாம். ஓடும் காட்சி அவனுக்கு அந்த இடைவெளியைத் தருவதில்லை. அடுத்த அடி விழும்முன் முன்னைய அடியைப் பற்றி எண்ணுவதற்கு அவனுக்கு நேரமில்லை.

இவ்விடத்தில் பழங்கிறித்தவம் என்ன கூறிற்று? 200ஆம் ஆண்டையொட்டித் தெர்த்துல்லியன் எழுதிய காட்சிகள் பற்றிய நூலும், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அகுஸ்தீன் எழுதிய தன்வரலாற்றின் ஆறாம் புத்தகமும் குருதிக் காட்சியைப் பற்றிப் பேசுகின்றன. அகுஸ்தீனின் நண்பர் அலிப்பியஸ் அத்தகைய ஆட்டங்களை வெறுப்பவர். உரோமையில் தோழர் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். அவர் கண்ணை இறுக மூடி அமர்ந்திருந்தார். கூட்டம் ஆர்ப்பரித்த ஓசை கேட்டுக் கண் திறந்தார். குருதியைக் கண்ட அளவிலே கொடுமையைப் பருகினார். வந்தபோது இருந்த மனிதராக அவர் மீளவில்லை. அலிப்பியஸ் கண்ட குருதி பொய்யன்று, மெய்க்குருதி. மெய்யாதல் அவரைக் காக்கவில்லை என்பதே அகுஸ்தீன் காட்டும் நுட்பம். காட்சி உண்மையா என்று அவர் வினவவில்லை. காண்பவன் உள்ளம் என்ன ஆயிற்று என்று வினவினார். அதே அகுஸ்தீன், இளமையில் வெர்ஜிலின் கதை படித்துத் தீதோவுக்காக அழுததற்கும் வருந்தியவர். கதையாயினும் காட்சியாயினும் அவர்க்கு அளவுகோல் ஒன்றே: நெஞ்சில் நிகழ்ந்தது யாது? தெர்த்துல்லியனோ, காட்சிகளை இடித்துரைத்து வந்து, நூலின் இறுதியில் பகைவர் நரகில் வேகும் பெருங்காட்சியைக் கிறித்தவர்க்கு ஈடாகத் தருகின்றார்! குருதி காணும் வேட்கையை வாயிலில் துரத்தினால் அது பின்கதவால் வருவது புதிதன்று போலும்.

2004இல் திரையரங்கில் அழுதோர் அனைவரும் அலிப்பியஸ் ஆயினர் என்று நாம் கூறவில்லை. பலர் மெய்யாகவே மனங்கசிந்திருப்பர். அகுஸ்தீனின் வினாவைச் சபைகள் சீட்டு வாங்குமுன் கேட்டிலர் என்பதே நம் குறை. பொருள் புனிதமாயின் காட்சியும் புனிதமே எனக் கொண்டனர். பொருள் ‘சூனியம்’ ஆயின் கதையும் தீதே எனக் கொண்டதன் மறுபக்கம் இது. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே ஆதலின், அவர்கள் மேல் சாட்டப்படும் இரட்டை நாக்குக் குற்றம் பொருந்தாது. ஒரே பிழை இருமுறை நிகழ்ந்தது.

படத்தை எடுத்தவர்க்கே பின்னர் இவ்வேறுபாடு புலப்பட்டது எனலாம். கொடுமை மிகுதியால் வர அஞ்சியோரும் காணவேண்டும் எனக் கருதி, ஏறத்தாழ ஐந்து நிமிடக் காட்சிகளை நீக்கி 2005 மார்ச்சில் அப்படத்தை மீண்டும் வெளியிட்டார். கதைப்பொருளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. குறைக்கப்பட்டது காட்டும் அளவு மட்டுமே. அப்பதிப்பைக் காண வந்தோர் மிகச் சிலர்.